பேரிங் சோதிக்கும் கழியொலி மானி: இலக்கத்தை நம்புவதற்கு முன் முனையைப் பாருங்கள்

யாழ்ப்பாணம் குருநகரில் ஒரு ஐஸ் தொழிற்சாலையினதும் சாவகச்சேரிப் பக்கத்து அரிசி ஆலைகள் சிலவற்றினதும் இயந்திரங்களைப் பராமரித்துவரும் எங்கள் பட்டறை, பேரிங்குகளின் நிலையை அறிவதற்காகக் கையடக்கக் கழியொலி மானி ஒன்றை வாங்கிப் பாவித்துவருகிறது. கருவி கொழும்பு முகவர் ஒருவர் மூலம் வந்தது. பெட்டிக்குள் மானி, காதை முழுவதும் மூடும் ஹெட்போன், ஊசிமுனைத் தொடுஉணரி, அதை நீட்டிக்கொள்வதற்கான கம்பிகள், கேபிளுடன் கூடிய காந்த உணரி, காற்றில் வரும் ஒலியைப் பிடிக்கும் உணரி ஆகியன இருந்தன. நிறுவனத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. சொல்லப்போகும் நல்லதும் கெட்டதும் இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்துவன என்பதுடன், பெயரைப் போட்டால் வாசிப்பவர் அந்தப் பெயரோடு நின்றுவிடுவார் என்ற பயமும் உண்டு.

கருவி செய்யும் வேலை இதுதான். இயந்திரத் தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்கில் குண்டுகளும் அவை ஓடும் வளையங்களும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றினால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படலம் மெலியும்போது உலோகத்தின் நுண்ணிய மேடுகள் ஒன்றோடொன்று உராய்ந்து, மனிதக் காதுக்கு எட்டாத 20 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்களில் ஒலி, அதாவது கழியொலி, எழுப்புகின்றன. மானி அதில் ஒரு குறுகிய பகுதியை, பொதுவாக 30 முதல் 40 கிலோஹேர்ட்ஸுக்குள் அடங்கும் பகுதியை, மட்டும் எடுத்து, அதன் வலிமையை டெசிபெல்லில் காட்டுகிறது. அதே நேரம் அந்த ஒலியைக் கேட்கக்கூடிய மீடிறனுக்கு இறக்கி ஹெட்போனுக்கு அனுப்புகிறது. கையால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரிவதற்கும், காதால் கேட்டால் இரைச்சல் வருவதற்கும் மிக முன்னரே இந்த மாற்றம் தெரிந்துவிடும் என்பதுதான் இக்கருவிக்குக் கொடுக்கும் காசின் நியாயம். அந்த நியாயத்தில் எனக்குக் குறையில்லை.

என் கேள்வி வேறு. அதே பேரிங், அதே நாள், அதே கருவி; காலையில் ஒரு பையன் எடுத்த இலக்கமும் மாலையில் இன்னொரு பையன் எடுத்த இலக்கமும் ஒத்துப்போகுமா? ஒத்துப்போகாவிட்டால், மாதாமாதம் அளந்து வரைபு போடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

இதன் கனத்தை உணர்வதற்குக் கொஞ்சம் கணக்குத் தேவை. இத்துறையில் பரவலாகப் பின்பற்றப்படும் வழிகாட்டலின்படி, நல்ல நிலையிலுள்ள பேரிங்கின் அடிப்படை அளவிலிருந்து 8 டெசிபெல் கூடினால் மசகு குறைந்துவிட்டது என்றும், 16 டெசிபெல் கூடினால் சேதம் தொடங்கிவிட்டது என்றும், 35 டெசிபெல்லைத் தாண்டினால் பேரிங் முடியும் தறுவாயில் உள்ளது என்றும் கொள்ளப்படுகிறது. டெசிபெல் மடக்கை அளவு என்பதால் 6 டெசிபெல் என்பது வீச்சம் இரண்டு மடங்காவதைக் குறிக்கும். 8 டெசிபெல் என்பது ஏறத்தாழ இரண்டரை மடங்கு. இப்போது, அளப்பவரின் கையழுத்தமும் முனையின் சரிவும் மட்டுமே ஐந்தாறு டெசிபெல் வித்தியாசத்தை உண்டாக்குமானால், கிறீஸ் போட வேண்டுமா வேண்டாமா என்ற முதலாவது தீர்மானத்தையே அந்தக் கை எடுத்துவிடுகிறது. பேரிங்குக்கு அதில் பங்கில்லை.

ஊசிமுனை உணரியில் நடப்பது சரியாக அதுதான். முனையை மேற்பரப்புக்குச் செங்குத்தாகப் பிடித்தால் ஓர் இலக்கம், சற்றுச் சரித்தால் இன்னோர் இலக்கம், அழுத்தினால் மூன்றாவது. ஐஸ் தொழிற்சாலையின் குளிர்நீர்ப் பம்பி ஒன்றில் இரண்டு பேரை ஒருவர் எடுத்ததை மற்றவர் பாராமல் அளக்கவிட்டபோது, ஒரே புள்ளியில் அவர்களுடைய இலக்கங்கள் ஐந்து டெசிபெல்லுக்கு மேல் விலகி நின்றன. ஒருவரே திரும்பத் திரும்ப எடுத்தபோதும் விலகல் குறைந்ததே தவிர மறையவில்லை. இதில் அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. கையில் தூக்கிப் பிடித்த தராசில் மீன் நிறுப்பதைப்போல, பிடிப்பவரின் கையும் நிறையோடு சேர்ந்துவிடுகிறது.

நீட்டிப்புக் கம்பிகள் நிலைமையை இன்னும் சிக்கலாக்குகின்றன. உருக்குக் கம்பியொன்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 5000 மீற்றர் செல்லும்; 30 கிலோஹேர்ட்ஸில் அதன் அலைநீளம் 17 சென்ரிமீற்றரளவில் வரும். கம்பியின் நீளமும் அதே அளவை நெருங்கும்போது கம்பி தானாகவே அதிரத் தொடங்கும், சில நீளங்களில் ஒலியைக் கூட்டியும் சில நீளங்களில் குறைத்தும் காட்டும். ஆகவே குட்டைக் கம்பியுடன் எடுத்த அளவை நீளக் கம்பியுடன் எடுத்த அளவோடு ஒப்பிடவே கூடாது. கைநூலில் இது ஒரு வரியில் மட்டும் வருகிறது. ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்க வேண்டிய விடயம் அது. கம்பியின் திருகுமரை சற்றுத் தளர்ந்திருந்தாலும் அளவு விழுந்துவிடும். ஒவ்வொரு தடவையும் இறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

காந்த உணரி முற்றிலும் வேறு கதை. ஒழுங்காகத் தயார்செய்த புள்ளியில் அதை ஒட்டிவிட்டால், யார் ஒட்டினாலும் அளவுகள் ஒரு டெசிபெல்லுக்குள் நின்றன. காந்தத்தின் இழுவிசை எப்போதும் ஒன்று என்பதாலும் சரிவுக்கு இடமில்லை என்பதாலும் மனிதக் கை கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. இந்தப் பெட்டியில் உண்மையில் விலைமதிப்புள்ள பொருள் எது என்று என்னைக் கேட்டால், மின்னும் திரை கொண்ட மானியை விட்டுவிட்டு இந்தச் சிறிய காந்தத்தைத்தான் காட்டுவேன். விற்பனையாளரோ செயல்விளக்கம் முழுவதையும் ஊசிமுனையாலேயே செய்து காட்டினார். தொட்டவுடன் சத்தம் வருவதால் பார்ப்பவருக்கு அது கவர்ச்சியாக இருக்கும்.

ஆனால் "ஒழுங்காகத் தயார்செய்த புள்ளி" என்று நான் எழுதிய சொற்களுக்குள் பாதி வேலை அடங்கியிருக்கிறது. கடற்கரையோரத்தில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைகளில் உப்புக்காற்றுக்கு எதிராக இயந்திரங்களுக்கு வர்ணத்தின் மேல் வர்ணம் பூசுவது வழக்கம்; அந்தப் பூச்சுக்கு அடியில் துரு பொருக்குக் கட்டியிருக்கும். ஒலி ஒவ்வோர் இடைவெளியைக் கடக்கும்போதும் பலமிழக்கும். வர்ணத்துக்கும் உலோகத்துக்கும் இடையில் காற்று புகுந்திருந்தால் மிக அதிகமாக இழக்கும். பேரிங் வீட்டின், அதாவது பேரிங்கைச் சுற்றியுள்ள உலோகக் கூட்டின், மேல் ஒரு ரூபாய்க் குத்தியளவு இடத்தை எமரித் தாளால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, அதைச் சுற்றி வர்ணத்தால் வட்டமிட்டு இலக்கம் எழுதிவிடுவதே குறைந்தபட்சத் தயாரிப்பு. அளந்து முடிந்ததும் மெல்லிய எண்ணெய் தடவிவிட்டு, அடுத்த தடவை துடைத்துவிட்டு ஒட்டினால் துரு மீண்டும் ஏறாது.

இதைவிட நல்ல வழி, தட்டையாகக் கடைந்த சிறிய உருக்கு வில்லைகளை இருபகுதி எப்பொக்சியால் நிரந்தரமாக ஒட்டிவிடுவது. பேரிங் வீடுகள் பெரும்பாலும் வளைந்தவை. வளைவின் மேல் காந்தம் முழுதாகப் படியாமல் ஆடும், அப்போது காந்த உணரியும் ஊசிமுனைபோலவே நடந்துகொள்ளும். அலுமினிய உடல் கொண்ட சிறிய மோட்டர்களில் காந்தம் ஒட்டவே ஒட்டாது என்பதால் அவற்றுக்கு வில்லையைத் தவிர வேறு வழியில்லை. ஒட்டும் பசை இறுகியபின் கல்லாக வேண்டும். இறப்பர்போல மென்மையாக நிற்கும் சிலிக்கன் பசை ஒலியை விழுங்கிவிடும். வில்லைகளை எங்கள் கடைசல்காரரிடம் கொடுத்துச் செய்வித்தோம். மொத்தச் செலவு மானியின் விலையோடு ஒப்பிட்டால் பேசத் தேவையில்லாத தொகை. நிறுவனம் இதே வில்லைகளை உதிரிப்பாகமாக விற்கிறது, விலைப்பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டு வைத்துவிடலாம். காந்தத்தை வில்லையில் "டக்" என்று விழவிடாமல் ஒரு விளிம்பில் வைத்து மெல்ல உருட்டி இறக்க வேண்டும் என்பதையும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்த அடி உள்ளே இருக்கும் உணர்பளிங்குக்கு நல்லதல்ல.

எங்கே ஒட்டுவது என்பது அடுத்தது. பேரிங்கில் பாரம் விழும் பக்கத்தில், பேரிங்குக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்ட, உலோகம் இடைவிடாது தொடரும் இடத்தில் என்பதே விதி. பெல்ட் இழுக்கும் இயந்திரங்களில் பாரம் பெல்ட்டின் பக்கம் இருக்கும். அரிசி ஆலையின் பெரும்பாலான தண்டுகளுக்கு அது பொருந்தும். மோட்டரின் பின்பக்கப் பேரிங்தான் தலையிடி. அதை விசிறியின் தகர மூடி மறைத்துக்கொண்டிருக்கும். அந்த மூடியின் மேல் உணரியை வைத்து எடுக்கும் அளவு காற்றின் இரைச்சலே தவிர வேறெதுவுமில்லை. மூடிக்கு உள்ளே, பின்தட்டில் வில்லை ஒட்டி நிரந்தர உணரி பொருத்தி, கேபிளை வெளியே எடுத்துவிடுவது சரியான தீர்வு. எல்லா மோட்டருக்கும் அதைச் செய்ய வசதியிராது. ஐஸ் உறையவைக்கும் அமோனியா அழுத்தியின் (கொம்பிறசரின்) மோட்டருக்காவது செய்ய வேண்டும், ஏனென்றால் அது நின்றால் தொழிற்சாலை நின்றுவிடும்.

அளக்கும்போது இயந்திரம் என்ன நிலையில் ஓடுகிறது என்பதைக் குறிக்காத இலக்கத்துக்கு மதிப்பில்லை. ஐஸ் தொழிற்சாலையில் புதுத் தண்ணீர் நிரப்பிய அச்சுகளை உவர்நீர்த் தொட்டிக்குள் இறக்கியவுடன் அழுத்தியின் பாரம் ஏறும். கட்டி இறுகும் கட்டத்தில் இறங்கும். இந்த இரண்டு வேளைகளில் எடுத்த அளவுகளை ஒரே வரைபில் போட்டால், ஆரோக்கியமான பேரிங்குக்கும் நோய் வந்ததுபோலத் தோன்றும். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் நிற்கும் நாட்களில் ஐஸுக்கு ஓட்டமில்லை, அழுத்தியும் அரைப்பாரத்தில்தான் ஓடும். அந்த நாட்களின் அளவுகளைத் தனியாக வைக்க வேண்டும். அரிசி ஆலையில் நெல் ஓடாத வெறும் ஓட்டத்தில் அளப்பதும் இதே வகைத் தவறு. மின்தடை வந்து ஜெனரேற்றரில் ஓடும்போது மீடிறன் 50 ஹேர்ட்ஸிலிருந்து 48க்கு விழுந்தாலே மோட்டரின் வேகமும் நூற்றுக்கு நான்கு குறைந்துவிடும்; சுழல்வேகத்தையும் அளந்து எழுதாவிட்டால் அது பேரிங்கின் மாற்றமாகவே பதிவாகும். நின்றிருந்த இயந்திரத்தைத் தொடக்கியவுடன் அளக்கவும் கூடாது. பேரிங் வீட்டின் சூடு ஒரு நிலைக்கு வரும்வரை, குறைந்தது அரைமணி நேரமாவது, பொறுக்க வேண்டும். குளிர்ந்த கிறீஸின் தடிப்பும் சூடான கிறீஸின் தடிப்பும் ஒன்றல்ல.

மானியின் அமைப்புகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது அளவுநேரம், அதாவது ஓர் இலக்கத்துக்காகக் கருவி ஒலியைக் கேட்கும் நேரம். பெட்டியிலிருந்து எடுத்தபோது அது ஒரு செக்கனாக வைக்கப்பட்டிருந்தது. நிமிடத்துக்கு 1450 சுற்றுச் சுழலும் மோட்டரில் ஒரு செக்கனுக்குள் இருபத்துநான்கு சுற்றுகள் அடங்கும், அது போதும். நெல்லை மேலே தூக்கும் வாளி உயர்த்தியின் தண்டு நிமிடத்துக்கு நூறு சுற்றுக்கும் குறைவாகவே சுழல்வதால், அங்கே ஒரு செக்கன் என்பது ஒன்றரைச் சுற்றுக்கும் கொஞ்சம் மேல். குண்டில் ஒரு பள்ளம் இருந்தால் அந்தச் செக்கனுக்குள் அது பாரம் விழும் பக்கத்துக்கு வரலாம், வராமலும் போகலாம்; இலக்கம் ஊஞ்சலாடும். அளவுநேரத்தைப் பத்துச் செக்கனுக்கு உயர்த்தியதும் ஆட்டம் அடங்கியது. சராசரி வலிமையோடு உச்ச வலிமையையும் இக்கருவி தனித்தனியே காட்டுவது இங்கே கைகொடுக்கிறது: சராசரி அசையாமல் நிற்க, உச்சம் மட்டும் ஏறிக்கொண்டு போனால், மசகுக் குறைவல்ல, அடிவிழும் சேதம் என்று கொள்ளலாம். இன்னும் மெதுவாகச் சுழலும் தண்டுகளில் டெசிபெல் இலக்கத்தை நம்பாமல் ஹெட்போனில் வெடிப்பொலி கேட்கிறதா என்று கேட்பதே உகந்தது.

ஹெட்போன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்குறூ ட்ரைவரின் பிடியைக் காதில் வைத்துப் பேரிங் பார்த்தே காலம் கழித்த மூத்த பிற்றர் ஒருவர் எங்களிடம் இருக்கிறார். முதல்நாள் ஹெட்போனை மாட்டிச் சற்றுநேரம் கேட்டுவிட்டு, "தம்பி, இலக்கத்தைப் பிறகு எழுதும். முதல்ல இது என்ன சொல்லுது எண்டு கேளும்" என்றார். சீரான சலசலப்புக்கும் இடையிடையே வரும் சொடுக்குக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பொறியியல் படித்துவிட்டு வந்த பையனுக்கு அதற்கு நாள் எடுத்தது. ஹெட்போனின் தரம் உண்மையிலேயே சிறப்பு. வெயில் காலத்தில் அதை மாட்டிக்கொண்டு கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பது தண்டனை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அயலில் வரும் ஒலிகளால் ஏமாறாமல் இருப்பதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பேரிங்கின் மேல் அளந்த பின், அதே இயந்திரத்தில் பேரிங்கிலிருந்து தள்ளிப்போன ஓர் இடத்திலும் அளந்து பார்க்க வேண்டும். தள்ளிப்போகப் போக இலக்கம் குறைந்தால் ஒலி பேரிங்கிலிருந்து வருகிறது. கூடினால் வேறெங்கிருந்தோ வருகிறது. பம்பிக்குள் நீராவிக் குமிழ்கள் உடையும் ஒலியும், அழுத்தியின் வால்வுகள் அடிக்கும் ஒலியும், காற்றுக்குழாய்க் கசிவும் இந்த மீடிறன்களில் தாராளமாக இருக்கின்றன. ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் பக்கம் பக்கமாக இருக்கும் இரண்டு பம்பிகளில், கெட்ட பேரிங்கின் ஒலி நல்ல பேரிங்கின் வீட்டில் தெரிவதும் உண்டு. இந்த வேலைக்கு மட்டும் ஊசிமுனை காந்தத்தைவிட வசதியானது. விரைவாக இடம்மாற்றித் தொட்டுப் பார்க்கலாம், இங்கே தேவைப்படுவது கூடுகிறதா குறைகிறதா என்ற திசை மட்டுமே.

கிறீஸ் போடும்போது இக்கருவி காட்டும் வழிகாட்டல்தான் முதலீட்டை முதலில் திருப்பித் தந்தது. காந்த உணரியை ஒட்டிவைத்துக்கொண்டு கிறீஸ் கன்னைக் கொஞ்சங்கொஞ்சமாக அமுக்கினால், இலக்கம் படிப்படியாக இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அத்துடன் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து அமுக்கினால் இலக்கம் மீண்டும் ஏறும், பேரிங்கும் சூடேறும். "நிறையப் போட்டால் நல்லது" என்ற நம்பிக்கை எங்கள் ஆலைகளில் ஆழமாக வேரூன்றியது. திரையில் இலக்கம் ஏறுவதைக் கண்ணால் கண்ட பிறகே கையை எடுத்தார்கள். கிறீஸ் போட்ட உடனே கிடைக்கும் இலக்கத்தைப் புதிய அடிப்படையாகப் பதிந்துவிடக் கூடாது. இயந்திரம் சில மணிநேரம் ஓடிக் கிறீஸ் பரவிய பின் எடுத்த அளவே அடிப்படையாக நிற்கும். பேரிங்கை மாற்றினாலும் அப்படியே. ஸ்ரான்லி வீதியில் வாங்கிய அதே இலக்கப் பேரிங்கானாலும், முந்தியதன் அடிப்படை இதற்குப் பொருந்தாது.

மென்பொருளைப் பற்றி விரிவாக எழுத ஒன்றுமில்லை. முழுவதும் ஆங்கிலம், வரைபு தெளிவு, புள்ளிகளுக்குப் பெயர் வைக்கும் முறை சிக்கல். நாங்கள் இன்றும் கொப்பி ஒன்றில் உணரியின் வகை, சுழல்வேகம், பாரம், வெப்பநிலை ஆகியவற்றை எழுதிவைத்துப் பின்னர்தான் கணினியில் ஏற்றுகிறோம். மின்கலம் ஒரு வேலைநாளைத் தாராளமாகத் தாங்குகிறது. கருவியின் வெளியுறை உறுதியானது. ஆலையின் உமித்தூசிக்கு இதுவரை ஈடுகொடுத்திருக்கிறது. கருவி காட்டும் அளவு தானாகவே மாறிவிடவில்லை என்பதை உறுதிசெய்வதற்கு, பட்டறை மேசையில் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடும் சிறிய மோட்டர் ஒன்றை வைத்திருக்கிறோம்; வெளியே போகுமுன் அதில் ஓர் அளவு எடுக்கிறோம். அந்த அளவு மாறியிருந்தால் அன்றைக்கு எங்கும் அளப்பதில்லை, முதலில் கேபிளைப் பார்க்கிறோம்.

விலை இலட்சக் கணக்கில். இரண்டு மூன்று மோட்டர் மட்டும் உள்ள ஆலைக்காரர் இதை வாங்கத் தேவையில்லை. அவருக்கு ஒழுங்கான கிறீஸ் அட்டவணையும் நல்ல பிற்றர் ஒருவரும் போதும். பல இடங்களில் டசின் கணக்கான மோட்டர்களைப் பார்க்கும் பட்டறைக்கோ, குளிரூட்டல் நின்றால் சரக்கு அழுகும் தொழிற்சாலைக்கோ நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் ஒரு நிபந்தனை: காந்த உணரி சேராத மலிவுப் பொதியை வாங்க வேண்டாம். மானியில் நினைவகம் குறைந்த மாதிரியை எடுத்து, மிச்சம்பிடித்த பணத்தைக் காந்த உணரிக்குக் கொடுப்பது மேல். கழியொலியால் இயந்திர நிலையைக் கண்காணிப்பதற்கான ஐஎஸ்ஓ 29821 என்ற சர்வதேச நியமம் 2018இல் வெளிவந்துள்ளது. வாங்கப்போகும் கருவியின் முகவரிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தால், அவர் கருவியை அறிந்து விற்கிறாரா, பெட்டியை விற்கிறாரா என்பது தெரிந்துவிடும். வெவ்வேறு நிறுவனங்களின் மானிகள் காட்டும் டெசிபெல்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது என்பதை மறைக்காமல் சொல்லும் முகவரையே நான் நம்புவேன்.

கடைசியாக, காந்த உணரியின் கேபிள். இந்தப் பொதியின் மிகப் பலவீனமான பாகம் அதுதான். இணைப்பியின் கழுத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துவிடுகிறது, வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, இலக்கம் மட்டும் சில டெசிபெல் தாழ்ந்து விட்டு விட்டு வரும். மாற்றுக் கேபிள் கொழும்பிலிருந்து வரும்வரை அளவெடுப்பு நின்றுபோகும் என்பதால், முதல் கொள்வனவோடேயே மேலதிகமாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.